கண்ணில் வந்த ஹேர்பிஸ் மூளைக்கு ஏறுமா?

வெள்ளவத்தைக் கடலோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31; கோட்டையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்க்கும் வேலை. மூன்று கிழமைக்கு முன்னர் அவனுடைய இடது கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் கூசத் தொடங்கியது. நோவு பெரிதாக இருக்கவில்லை, அதனால்தான் நாங்களும் அலட்சியமாக இருந்துவிட்டோம். அவன் வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டான். இரண்டு நாட்களில் சிவப்பு நன்றாக வற்றிவிட்டது. ஆனால் ஐந்தாம் நாள் காலையில், பேருந்தின் இலக்கம் தெரியவில்லை என்று பாதி வழியில் திரும்பி வந்தான்.

கண் வைத்தியர் முதலில் பஞ்சை நூல்போல் முறுக்கி அதன் நுனியால் அவனுடைய கண்ணைத் தொட்டார். வலது கண் உடனே இமைத்தது. இடது கண் பேசாமல் இருந்தது. பிறகு செம்மஞ்சள் நிறக் காகிதத் துண்டொன்றைக் கீழிமையில் ஒற்றி, நீல வெளிச்சத்தில் பார்த்து, என்னையும் அழைத்துக் காட்டினார். இலை உதிர்ந்த மரத்தின் கிளைபோல், பச்சையாக ஒளிர்ந்த ஒரு கீறல். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சின்னஞ்சிறு மொட்டு. ஹேர்பிஸ் வைரஸ் என்றார். அசைக்ளோவிர் களிம்பு, நாளுக்கு 5 தடவை.

இது நடந்த அன்றே கண்டியிலிருந்து சின்னம்மா தொலைபேசி எடுத்து, அந்தக் கிருமிதான் மூளைக் காய்ச்சலையும் தருவது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா இரவில் மூன்று தடவை எழும்பி அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். நானும் இணையத்தில் தேடினேன். சின்னம்மா சொன்னது பொய்யில்லை என்றே தெரிகிறது. கண்ணிலிருந்து மூளைக்கு இந்த வைரஸ் ஏறுமா? இப்போதே தலையை ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

பிள்ளை, ஸ்கான் வேண்டாம். முதலில் அம்மாவை நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். இனிக் காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதலாம் வகை வைரஸ் நம்மில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே, யாரோ ஒரு மாமியோ பாட்டியோ கொஞ்சியபோது வந்து சேர்ந்ததுதான். முதல் தொற்று ஆறிய பிறகு அது உடம்பை விட்டு வெளியேறுவதில்லை. முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்புக்கு மண்டையோட்டின் அடியில் ஒரு திரட்டு இருக்கிறது. அங்கேயே, நரம்புக் கலங்களுக்குள், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சலோ கடும் வெயிலோ மன உளைச்சலோ எழுப்பிவிட்டால் நரம்பின் வழியே கீழிறங்கும். ஒரு கிளையால் இறங்கினால் உதட்டுப் புண், இன்னொரு கிளையால் இறங்கினால் உங்கள் தம்பியின் கண். ஆகவே தம்பியின் கண் அந்த வைரஸின் வீடு அல்ல. அது வெளியே வந்து தலைகாட்டிய வாசல். வாசலில் கண்ட ஆள் அங்கிருந்து மாடிக்கு ஏறுவான் என்று அம்மா பயப்படுகிறார். மூளை அழற்சியோ (சின்னம்மா சொன்ன மூளைக் காய்ச்சல்), பெரும்பாலும், உறங்கிய வைரஸ் வெளியே இறங்காமல் உள்நோக்கிப் போவதால் வருவது, சிலரில் முதல் தொற்றிலேயே வருவது. அதற்குக் கண்ணில் புண் வந்திருக்க வேண்டிய தேவையில்லை. அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கண் தெளிவாகவே இருக்கும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஹேர்பிஸ் மூளை அழற்சி ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் 2 முதல் 4 பேருக்கு வருவது. விழிவெண்படலத்தில், அதாவது கண்ணின் முன்னாலுள்ள தெளிந்த படலத்தில், வரும் ஹேர்பிஸ் அதைவிடப் பல மடங்கு அதிகம். என் வேலைக்காலத்தில் அந்த மரக்கிளைப் புண்ணை எண்ணிக்கை வைக்காத அளவுக்குப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட அந்தப் புண்ணுக்காக நரம்பியல் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்ததில்லை.

நோவு குறைவாக இருந்ததும் நல்ல அறிகுறி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைரஸ் அந்த நரம்பையே தாக்குவதால் விழிவெண்படலம் மரத்துப்போகிறது. பஞ்சு நுனிச் சோதனை அதைத்தான் பார்த்தது. நோகாத சிவந்த கண்ணைவிட நோகும் சிவந்த கண்ணுக்கு ஆட்கள் விரைவாக வைத்தியரிடம் வருகிறார்கள்.

உங்கள் கதையில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்தச் சொட்டு மருந்து. அதன் பெயர் என்ன?


வெள்ளவத்தைக் கடலோரம்

டெக்ஸாமெதசோனும் ஓர் அன்ரிபயோட்டிக்கும் கலந்தது, ஐயா. போத்தல் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது.


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

அதேதான். டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீரொய்ட். சிவப்பு என்பது உடம்பு வைரஸை எதிர்ப்பதன் அடையாளம். ஸ்டீரொய்ட் அந்த எதிர்ப்பை அடக்குவதால் கண் வெளுக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று ஆளும் மகிழ்கிறார். அந்த இரண்டு நாளில் வைரஸ் தடையில்லாமல் பெருகுகிறது. கிளைபோல் மெல்லியதாக இருந்த புண், கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தேசப்படத்தில் ஒரு தீவைப் பார்ப்பதுபோல் அகன்றுவிடும். ஆறிய பின்னர் எஞ்சும் தழும்பு பார்வையின் நடுவில் விழுந்தால், அதற்குக் களிம்பு இல்லை.


பாமசி மேசை

நான் கொழும்பு 13 இல் ஒரு பாமசியில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐயா சொன்னதை மறுக்க வரவில்லை. எங்கள் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆட்கள் வெறும் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதே மாதிரி ஒன்று" என்பார்கள். அது ஆறு மாதத்துக்கு முன்னர், கண்வில்லைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர், வீட்டிலுள்ள தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்ததாக இருக்கும். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால், எதிர்ப்பக்கக் கடையில் தருகிறார்கள் என்ற பதில் வரும். நான் தொடக்க காலத்தில் தந்திருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று நினைவில்லை; அதை நினைத்துப் பார்க்க விருப்பமும் இல்லை.

ஒரு சந்தேகம். என் அக்காவுக்குக் கண்ணில் ஹேர்பிஸ் என்று சொன்ன வைத்தியரே ஸ்டீரொய்ட் சொட்டும் எழுதிக்கொடுத்தார். அது பிழையா?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

பிழையாக இருக்க வேண்டியதில்லை, தம்பி. வைரஸ் விழிவெண்படலத்தின் மேற்தோலில் உயிரோடு பெருகும்போது ஸ்டீரொய்ட் தீங்கு. அதன் நடு அடுக்கில் வரும் அழற்சி வேறு வகை. அங்கே பெரும்பாலும் சேதம் செய்வது உடம்பின் சொந்த எதிர்ப்பு. மேற்தோல் மூடியிருந்தால், வைரஸ் எதிர்ப்பு மருந்தின் காவலோடு, அளவாக ஸ்டீரொய்ட் கொடுத்து மெல்ல மெல்லக் குறைப்பதுதான் முறை. இரண்டையும் பிரித்தறிய நீல வெளிச்சமும் பிளவு விளக்கு நுணுக்குக்காட்டியும் வேண்டும். பாமசி மேசையில் அவை இல்லை.


ஐந்துலாம்புச் சந்தி

மூளை அழற்சியைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்கு வந்தது.

மழைக்காலம். மூன்று நாள் காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு. ஆகவே நாங்கள் தினமும் இரத்தம் எடுத்து பிளேட்லெட் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தோம். அது குறையவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தோம். நான்காம் நாள் காலையில் அப்பா சேட்டின் உட்புறத்தை வெளியே போட்டுக்கொண்டு வந்து, கற்பூரம் எரிகிற மணம் வருகிறது, யார் கொளுத்தியது என்று கேட்டார். வீட்டில் யாரும் கொளுத்தவில்லை. தேநீர்க் கோப்பையைக் காட்டி "அந்தக் குடையை எடு" என்றார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்றார் அயல்வீட்டு மாமா. மாலைவரை காத்திருந்தோம். மாலையில் வலது கை இழுத்து வலிப்பு வந்தது.

வைத்தியசாலையில் ஓர் இளம் டொக்டர், காய்ச்சலை விட்டுவிட்டு, கற்பூர மணத்தைப் பற்றியே மூன்று தடவை கேட்டார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அனுப்பினார்கள். விடை வரும்வரை காத்திராமல் அசைக்ளோவிர் ஏற்றத் தொடங்கினார்கள். 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 21 நாட்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் இடது பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதி வெள்ளையாக வீங்கியிருந்ததைக் காட்டினார்கள்.

அப்பா உயிரோடு இருக்கிறார். பழைய கணக்கெல்லாம் மனப்பாடம். ஐந்துலாம்புச் சந்தியில் 1970களில் இருந்த கடைகளை வரிசையாகச் சொல்வார். புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலைப் பத்திரிகையை மதியம் கையில் கொடுத்தால், புதிய பத்திரிகைபோல் முதல் வரியிலிருந்து வாசிக்கிறார்.

அவருக்குக் கண்ணிலோ உதட்டிலோ ஒன்றும் இருக்கவில்லை. இழையைத் தொடங்கியவரின் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வெப்பமானியைப் பார்க்கும் அதே கவனத்தோடு அவர் என்ன பேசுகிறார் என்பதையும் கேளுங்கள். நாங்கள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், சொற்களைக் கேட்கவில்லை.


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

தம்பி, உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சை தொடங்கிய அந்த இளம் டொக்டருக்கு வணக்கம். இல்லாத மணம் வருவது அந்த மூளைப் பகுதி எரிச்சலடைவதற்கான அடையாளம். அதைப் பிதற்றல் என்று தள்ளாமல் கேட்டிருக்கிறார்.

சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோயில் ஏறத்தாழ 70 வீதமானோர் இறந்துவிடுவார்கள். அசைக்ளோவிர் ஏற்றத் தொடங்கிய பிறகு 1980களில் வந்த ஆய்வுகள் அதை 20 முதல் 30 வீதத்துக்குள் கொண்டுவந்தன. மருந்து பிந்தும் ஒவ்வொரு நாளும் நினைவாற்றலில் கழிக்கப்படுகிறது. அதனால்தான் சந்தேகம் வந்தவுடனேயே தொடங்குகிறார்கள். முதல் மூன்று நாட்களில் எடுத்த முதுகு நீரில் பி.சி.ஆர். சோதனை வைரஸைக் காட்டாமலும் போகலாம். நோயின் போக்கு பொருந்தினால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், மருந்தை நிறுத்தமாட்டார்கள். குளிசை இங்கே உதவாது. நாளத்தினூடாகத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் போதிய சேலைனோடு, ஏனென்றால் சிறுநீரகத்தில் மருந்து பளிங்காகப் படியக்கூடும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. அப்பாவின் கண்களை அதற்குப் பிறகு யாராவது பார்த்தார்களா?


ஐந்துலாம்புச் சந்தி

இல்லை, ஐயா. கண்ணில் குறையொன்றும் சொல்லவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

இந்த இழையின் தலைப்புக் கேள்வி கண்ணிலிருந்து மூளைக்கு என்று கேட்கிறது. எனக்குத் தெரிந்தவரையில் வைரஸ் நன்றாகப் பழகிய பாதை மறுபக்கமானது: மூளையிலிருந்து கண்ணுக்கு.

கண் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள். முன்னாலுள்ள விழிவெண்படலத்தின் மேற்தோல், கருவில் தோலோடு சேர்ந்து உருவாவது. அங்கே வரும் ஹேர்பிஸ், உதட்டுப் புண்ணுக்கு உறவு. பின்னாலுள்ள விழித்திரையோ மூளையிலிருந்தே நீண்டு வளர்ந்த பகுதி. பார்வை நரம்பு அதை மூளையோடு இன்றும் கட்டிவைத்திருக்கிறது. அங்கே வைரஸ் வந்தால் அது மூளை அழற்சிக்கு உறவு.

1971 இல் ஜப்பானில் உராயாமா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு நோயை விவரித்தார்கள். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் விழித்திரை ஓரத்திலிருந்து வெள்ளையாகச் சாகத் தொடங்கி, கிழமைக் கணக்கில் நடுநோக்கிப் பரவி, கடைசியில் கழன்றுவிடும். தீவிர விழித்திரை அழுகல் என்று சொல்லலாம். ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் இரு வகைகளும், கொப்பளிப்பான் வைரஸும் இதைச் செய்கின்றன. ஒரு கண்ணில் வந்தால், சிகிச்சையில்லாத நிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மற்றக் கண்ணுக்கும் வரும். ஹேர்பிஸ் மூளை அழற்சியிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்தோ பல ஆண்டுகள் கழித்தோ இது வந்திருக்கிறது.

வழி எது என்பதற்கு ஒரு பழைய முயல் சாட்சி சொல்கிறது. 1924 இல் வொன் சிலி என்ற கண் ஆய்வாளர் முயலின் ஒரு கண்ணின் முன்னறையில் ஹேர்பிஸ் வைரஸைச் செலுத்தினார். ஊசி போட்ட கண்ணின் விழித்திரை தப்பியது. ஊசியே படாத மற்றக் கண்ணின் விழித்திரை அழிந்தது. வைரஸ் முதற் கண்ணின் நரம்பால் மூளைக்குள் போய், அங்கிருந்து பார்வை நரம்பால் மறுகண்ணுக்கு இறங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்தவர்கள் எலியில் படிப்படியாகப் பின்தொடர்ந்து காட்டினார்கள். (மனிதரின் விழிவெண்படலப் புண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அது கண்ணின் உள்ளறையில் ஊசியால் செலுத்திய வைரஸ்.)

ஆகவே தம்பி, அப்பாவின் கண்ணில் சிவப்பு, மங்கல், பூச்சி பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் அன்றே கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் செய்யுங்கள். "முன்னர் மூளை அழற்சி இருந்தது" என்ற வசனத்தை முதலில் சொல்லுங்கள். உங்கள் அப்பா தன் குறையைச் சொல்லி அடுத்த மணித்தியாலம் மறந்துவிடக்கூடியவர். அதனால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் நீங்கள்.


ஐந்துலாம்புச் சந்தி

நன்றி, ஐயா. இந்த ஒன்றை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.


தெமட்டகொடை அம்மா

என் மகளின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்ணோய். இதை வாசித்துப் பயந்துவிட்டேன். பாடசாலையில் பரவும் இந்தக் கண்ணோய்க்கும் மூளைக்கும் தொடர்பு உண்டா?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

பயப்பட வேண்டாம், அம்மா. அது பெரும்பாலும் அடினோ வைரஸ். கையைக் கழுவுங்கள், துவாயைத் தனியாக வையுங்கள், பிள்ளையைச் சில நாள் வீட்டில் வைத்திருங்கள்.

விதிவிலக்கு ஒன்று வரலாற்றில் உண்டு. 1969 இல், அப்பலோ 11 சந்திரனுக்குப் போன காலத்தில், கானாவில் கண்வெள்ளையில் இரத்தம் கசியும் ஒரு கண்ணோய் பரவத் தொடங்கியது. அங்குள்ளவர்கள் அதற்கு அப்பலோ நோய் என்றே பெயர் வைத்தார்கள். அதைத் தந்த என்டரோ வைரஸ் 70, ஆசியாவுக்கும் வந்தது. போலியோவின் சுற்றத்தைச் சேர்ந்த வைரஸ் அது. கண் ஆறிய பிறகு, மிகச் சிலருக்குக் காலில் போலியோபோன்ற தளர்ச்சி வந்தது. அதுவும் முண்ணாணிலும் நரம்பு வேரிலும் நடந்தது.

உண்மையில் அஞ்ச வேண்டியது சின்னமுத்து. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் அதை ஒழித்ததாக அறிவித்தது. 2023 இல் கொழும்பில் அது திரும்ப வந்தது. சின்னமுத்திலும் கண் சிவக்கும்; ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி வரும். இன்னும் மிக அரிதாக, குழந்தையில் வந்த சின்னமுத்து மூளைக்குள் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, பள்ளிப் பருவத்தில் மூளையை மெல்ல அழிக்கத் தொடங்கும். அத்தகைய சிலரில் முதலில் தெரிவது விழித்திரையின் நடுவில் ஒரு தழும்பு. படிப்பில் பின்தங்குவதும் உடம்பு திடீரெனத் துள்ளுவதும் பிறகு. இங்கேயும் பாதை மூளையின் பக்கத்திலிருந்துதான். மகளுக்கு இரண்டு ஊசியும் போட்டிருக்கிறதா என்று சுகாதார அட்டையில் பாருங்கள்.


தெமட்டகொடை அம்மா

பார்த்துவிட்டேன். இரண்டும் போட்டிருக்கிறது.


பம்பலப்பிட்டிப் பேரன்

அம்மம்மாவுக்கு வயது 78. நேற்றிலிருந்து வலது நெற்றியில் எரிவோடு கொப்புளங்கள், நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அக்கி என்று காவி குழைத்துப் பூசியிருக்கிறார்கள். இதுவும் ஹேர்பிஸ்தானா?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

பெயர் ஒன்று, வைரஸ் வேறு. அக்கி என்பது சிறு வயதில் வந்த கொப்பளிப்பான் வைரஸ், இங்கே முக்கிளை நரம்பின் அதே திரட்டில், உறங்கி எழும்புவது. மூக்கின் நுனியில் கொப்புளம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூக்கு நுனிக்குப் போகும் மெல்லிய நரம்புதான் கண்ணுக்குள்ளும் போகிறது; அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணும் அகப்பட வாய்ப்பு மிக அதிகம். கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் வைரஸ் எதிர்ப்புக் குளிசை தொடங்க வேண்டும். உங்களிடம் நாளையும் நாளை மறுநாளும் இருக்கின்றன என்று கணக்குப் போடாதீர்கள், இன்றைக்கே போங்கள். அம்மம்மாவின் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு எழுதுவார்கள்.

நெற்றியில் வந்த அக்கி ஆறிக் கிழமைகள் கழிந்த பின்னரும், இந்த வைரஸ் மூளையின் இரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சியை உண்டாக்கிப் பாரிசவாதத்தைத் தரக்கூடும். அடுத்த சில மாதங்களில் இடது கை சோர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ, அக்கி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். காவியைப் பற்றி: அம்மம்மாவின் மனத்துக்கு அது ஆறுதல் என்றால் நான் சண்டை பிடிக்கமாட்டேன். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


பம்பலப்பிட்டிப் பேரன்

மூக்கு நுனியில் இரண்டு இருக்கின்றன. கிளம்புகிறோம்.


கண்தான அட்டைக்காரன்

நான் கண்தான அட்டையில் கையெழுத்திட்டவன். 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்கு விழிவெண்படலத்தை அனுப்பியிருக்கிறது என்பது நமக்கெல்லாம் பெருமை. மூளையில் வைரஸ் உள்ள ஒருவரின் கண்ணைத் தானமாகக் கொடுத்தால் என்னவாகும்?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

நல்ல கேள்வி, விடை கசப்பானது. 1978 இல் அமெரிக்காவில் விழிவெண்படலம் பொருத்திக்கொண்ட ஒருவர் சில கிழமைகளில் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார். கண்ணைக் கொடுத்தவர் கை கால்களைத் தளரச் செய்யும் நரம்பு நோயொன்றால் இறந்ததாக எண்ணியிருந்தார்கள். அவருக்கு இருந்ததும் விசர்நாய்க்கடி நோய்தான் என்பது பிறகு தெரிந்தது. விசர்நாய்க்கடி வைரஸ் மூளையை அடைந்த பின்னர் நரம்புகளின் வழியே வெளிநோக்கி இறங்கி, உமிழ்நீருக்குப் போவதுபோல் விழிவெண்படலத்துக்கும் போகிறது. அதனால்தான் காரணம் தெரியாத மூளை நோயால் இறந்தவரின் கண்ணை எடுப்பதில்லை. உங்கள் அட்டையைக் கிழிக்க வேண்டாம்.


வெள்ளவத்தைக் கடலோரம்

இரண்டாம் தடவை காட்டிவிட்டு வந்தோம். கிளை மறைந்து, ஒரு மெல்லிய மங்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பேருந்தின் இலக்கம் தெரிகிறதாம். அம்மா இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறார். இது திரும்ப வருமா, ஐயா? வைத்தியர் குளிசையைப் பற்றி ஏதோ சொன்னார்; அவசரத்தில் கேட்டுக்கொள்ளவில்லை.


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

வரக்கூடும். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், கண் ஹேர்பிஸ் வந்து ஆறியவர்களுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு இரண்டு தடவையாக ஓராண்டு கொடுத்தார்கள். அந்த ஆண்டில் மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 32 வீதமானோருக்குக் கண் நோய் திரும்பியது. மருந்து எடுத்தவர்களில் 19 வீதம். 1998 இல் வெளியான முடிவு இது. முதல் தடவைக்கே எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அடிக்கடி வருபவர்களுக்கும், நடு அடுக்கில் அழற்சி வந்தவர்களுக்குமே பயன் அதிகம். உங்கள் வைத்தியர் அந்த மங்கலைப் பார்த்து யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை நேராகக் கேளுங்கள்.


வெள்ளவத்தைக் கடலோரம்

கேட்கிறேன். அந்த ஸ்டீரொய்ட் போத்தலை அம்மா எறிய விடுகிறார் இல்லை. பாதி மருந்து இருக்கிறதாம், காசு கொடுத்து வாங்கியதாம். நான் ஒளித்து எறிந்துவிடவா?


ஓய்வுபெற்ற கண் வைத்தியன்

எறிய வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குக் கையோடு கொண்டு போங்கள். எந்தச் செறிவு, எத்தனை நாள் விட்டான் என்பதை வைத்தியர் பதிவில் எழுத வேண்டும்; கண்ணின் அழுத்தத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவருடைய மேசையிலேயே மறந்துவிட்டு வாருங்கள்.